பேரரசர் வீட்டுக்கு ஒரு நாள்: ரோமிலிருந்து எந்த இடிபாட்டுக்குப் போவது?

வேலை விஷயமாக மூன்று வருடம் ரோமில் குடியிருந்தேன். வெளிநாட்டில் நமக்கு ஒரு வீடு இருக்கிறது என்றால் விருந்தாளிகளுக்குக் கேட்கவா வேண்டும்? அம்மா அப்பா, சித்தப்பா குடும்பம், கல்லூரி நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று வந்துகொண்டே இருந்தார்கள். கொலோசியம், வத்திக்கான், காசு போடுகிற நீரூற்று எல்லாம் மூன்று நாளில் முடிந்துவிடும். நான்காம் நாள் காலை காபி குடித்துக்கொண்டே யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்: "இங்கே ஏதோ ராஜா மாளிகை இடிஞ்சு கிடக்காமே, அதுக்குப் போகலாமா?"

போகலாம். ஆனால் ரோமிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய பேரரசர் மாளிகைகள் நான்கு இருக்கின்றன. திவோலி ஊருக்குக் கீழே ஹேட்ரியனின் வில்லா. காப்ரி தீவின் உச்சியில் டைபீரியஸின் வில்லா யோவிஸ். ஸ்பெர்லோங்கா கடற்கரையில் அதே டைபீரியஸ் விருந்து வைத்த குகை. ரோம் நகருக்குள்ளேயே மண்ணுக்கடியில் நீரோவின் டோமுஸ் ஆரியா, அதாவது பொன் மாளிகை. நான்குக்கும் வெவ்வேறு ஆட்களை அழைத்துப் போய், சில தடவை பாராட்டும் சில தடவை திட்டும் வாங்கியிருக்கிறேன். ஊர் திரும்பிய பிறகும் இந்தக் கேள்வி வந்துகொண்டிருப்பதால், தொலைபேசியில் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் பார்க்க வேண்டியது, அங்கே என்ன மிஞ்சியிருக்கிறது என்பதை. நம் ஊர்ப் பெரிய கோயில்களை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம் நிச்சயம். கோயிலில் விளக்கு எரிந்துகொண்டே இருந்ததால் கல் பிழைத்தது. இந்த மாளிகைகளோ ஆளில்லாமல் போன பிறகு நூற்றாண்டுக் கணக்கில் உரிக்கப்பட்டவை. பளிங்கை அடுத்த அரண்மனைக்குக் கொண்டுபோனார்கள், அல்லது சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். சிலைகள் அருங்காட்சியகங்களுக்குப் போயின. கொள்ளைக்குப் பிறகு ஒவ்வோர் இடத்திலும் ஏதோ ஒன்றுதான் தங்கியிருக்கிறது. ஓரிடத்தில் பரப்பு, ஓரிடத்தில் காட்சி, ஓரிடத்தில் சிலை, ஓரிடத்தில் சித்திரம். 'எது சிறந்தது' என்று என்னைக் கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது, இந்த நான்கில் உங்களுக்கு எது வேண்டும் என்பதைத்தான்.

அப்புறம் முட்டி. இதை யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள், பாதி வழியில்தான் தெரியவரும். கூட வருபவர்களில் பலவீனமான கால் யாருடையதோ அதை வைத்துத் திட்டம் போடுங்கள்.

மூன்றாவது, வாசலிலிருந்து வாசல்வரை ஆகிற நேரம். ரயில் நேரத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போடக்கூடாது. நான்காவது, டிக்கெட்டில் எழுதாத செலவு. கடைசியாக வெயில், மழை, கடல், வேலைநிறுத்தம். இத்தாலியில் 'ஷோப்பெரோ' என்கிற ஒரு சொல்லை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வேலைநிறுத்தத்துக்கு அதுதான் பெயர். முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் செய்வார்கள், அதுவும் வெள்ளிக்கிழமைகளில்தான் அதிகம். முந்தின நாள் இரவு பார்த்துவிட்டுத் தூங்குவது நல்லது.

| | ஹேட்ரியன் வில்லா | வில்லா யோவிஸ் | ஸ்பெர்லோங்கா | பொன் மாளிகை |
|---|---|---|---|---|
| யாருடையது | ஹேட்ரியன் (ஆட்சி கி.பி. 117–138) | டைபீரியஸ் (14–37) | டைபீரியஸ் | நீரோ (54–68) |
| ரோமிலிருந்து ஒரு வழிக்கு | 1 முதல் 1½ மணி நேரம் | 3 மணி நேரத்துக்கு மேல் | சுமார் 2 மணி நேரம் | மெட்ரோவில் சில நிமிடம் |
| நடை | நீண்டது, பெரும்பாலும் சமதளம் | செங்குத்து ஏற்றம் | குறைவு | குறைவு, நிலத்தடி |
| வெயில் | திட்டுத் திட்டாக நிழல் | நிழல் குறைவு | குகை, அருங்காட்சியகம் | வெயிலே கிடையாது, குளிரும் |
| முன்பதிவு | பெரும்பாலும் தேவையில்லை | படகுக்குத் தேவை | தேவையில்லை | கட்டாயம் |
| மிஞ்சியிருப்பது | பரப்பு | காட்சி | சிலைகள் | விதானச் சித்திரம் |

டிக்கெட் விலைகள் மாறிக்கொண்டே இருப்பதால் அட்டவணையில் போடவில்லை. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: இத்தாலிய அரசு நடத்தும் தொல்லிடங்களில் 18 வயதுக்குக் கீழ் எந்த நாட்டுப் பிள்ளைக்கும் நுழைவு இலவசம். பாஸ்போர்ட்டைக் காட்டச் சொல்வார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு பெரியவர்களுக்கும் இலவசம். அன்றைக்குக் கூட்டத்தைப் பார்த்தால் காசு கொடுத்தே வந்திருக்கலாம் என்று தோன்றும்.

## ஹேட்ரியன் வில்லா: ஊர் அளவு பெரிய வீடு

ரோமுக்குக் கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர். 118 வாக்கில் தொடங்கி, ஹேட்ரியன் சாகும்வரை ஏதாவது ஒரு மூலையில் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். மொத்தப் பரப்பு 120 ஹெக்டேர், நம் கணக்கில் கிட்டத்தட்ட 300 ஏக்கர். அதில் மூன்றில் ஒரு பங்குதான் பார்வைக்குத் திறந்திருக்கிறது. அதையே முழுதாகப் பார்த்து முடித்தவர்களை நான் இன்னும் சந்திக்கவில்லை. 1999இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

என் அப்பாவை இங்கேதான் அழைத்துப் போனேன். அவர் முப்பது வருடம் கட்டட வேலை மேற்பார்வை பார்த்தவர். வாசல் தாண்டியதும் ஒன்பது மீட்டர் உயரத்தில் நீளமான ஒரு மதில் வரும். அதன் இரண்டு பக்கமும் கூரை போட்ட நடைபாதை இருந்ததாம். ஒரு பக்கம் வெயிலென்றால் மறுபக்கம் நிழல், பேரரசர் சாப்பிட்ட பிறகு காலாற நடப்பதற்கு. அதற்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய குளம். வழிகாட்டிப் புத்தகக்காரர்கள் குளத்தைப் படம் பிடித்துக்கொண்டிருக்க, அப்பா மதிலில் ஒட்டிக்கொண்டு நின்றார். சின்னச் சின்னக் கற்களைச் சாய்சதுரமாக, மீன்வலை மாதிரி அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு கல்லும் வெளியே தெரியும் முகத்தில் மட்டும் சதுரம், உள்ளே போகப் போகக் கூம்பு. ஈரக் காரைக்குள் அதை ஆணி மாதிரி அழுத்திவிட்டால் பிடித்துக்கொள்ளும். இன்னொரு சுவரில் வரிசையாகத் துளைகள் இருந்தன. அதில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "இங்கே பளிங்குப் பலகை ஒட்டியிருக்காங்கடா, கம்பி வெச்சுப் பிடிச்ச ஓட்டை இது" என்றார். வழிகாட்டி அரை மணி நேரத்தில் சொல்லாததை அந்த ஒரு துளை சொல்லிவிட்டது. கண்ணுக்குத் தெரிகிற செங்கல்லும் கல்லும் உள்சட்டைதான். மேல்சட்டையை எப்போதோ கழற்றிவிட்டார்கள்.

கழற்றியவர்களில் முக்கியமானவர் பக்கத்திலேயே இருந்தார். 16ஆம் நூற்றாண்டில் கர்தினால் இப்போலித்தோ தெஸ்தே மேலே திவோலி ஊரில் தனக்கென்று ஒரு மாளிகையும் நீரூற்றுத் தோட்டமும் கட்டினார். அதற்குப் பளிங்கும் சிலையும் இங்கிருந்து போயின. அந்த வில்லா தெஸ்தேவையும் இதையும் ஒரே நாளில் பார்க்கலாம், ஒட்டு டிக்கெட்டும் உண்டு. ஆனால் இரண்டையும் ஒரே நாளில் முடித்த சித்தப்பா குடும்பம் மறுநாள் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை.

இங்கே தவறவிடக்கூடாத இடம் ஒன்று உண்டென்றால், 'கடல் அரங்கம்' என்று பின்னாளில் தப்பாகப் பெயர் வைத்துவிட்ட வட்டக் கட்டடம். கடலும் இல்லை, அரங்கும் இல்லை. ஏறத்தாழ 40 மீட்டர் விட்டத்தில் ஒரு வட்ட மதில், அதற்குள் தூண் வரிசை, அதற்குள் அகழி, அகழிக்கு நடுவில் ஒரு தீவு. அந்தத் தீவில் ஒரு ஆள் வாழத் தேவையான எல்லாமும் இருந்தன. படுக்கை, சாப்பாட்டு அறை, சின்னக் குளியல் அறை, கழிப்பறைகூட. மரப்பாலத்தை இழுத்துக்கொண்டால் யாரும் வர முடியாது. முந்நூறு ஏக்கர் வீடு கட்டிக்கொண்ட மனிதர் அதற்குள் தனியாக இருக்க ஓர் அறையைத் தேடியிருக்கிறார். அகழித் தண்ணீர் இப்போது பச்சையாக நிற்கிறது. காலை ஒன்பது மணிக்குப் போனால் அந்த வட்டத்தில் நீங்களும் உங்கள் காலடிச் சத்தமும் மட்டும்தான்.

தெற்கே போனால் கனோபஸ். 120 மீட்டர் நீளக் குளம், கரையில் வளைவுகளும் சிலைகளும். எகிப்தில் உள்ள ஓர் ஊரின் பெயர் அது. ஹேட்ரியன் தன் ஆட்சிக் காலத்தில் பாதியை ஊர் சுற்றியே கழித்தவர், பார்த்த இடங்களின் பெயர்களை வீட்டின் பகுதிகளுக்கு வைத்தார் என்று பழைய வரலாறு சொல்கிறது. அவர் உயிராக நேசித்த அந்தினூஸ் என்ற இளைஞன் 130இல் நைல் நதியில் மூழ்கி இறந்தான். அவனுக்காக வில்லாவில் எழுப்பிய கட்டடத்தின் அடித்தளத்தையும் தோண்டி எடுத்திருக்கிறார்கள். கரையில் நிற்கும் சிலைகள் நகல்கள். பளிங்கு முதலை ஒன்று உண்டு, பிள்ளைகள் அதை விட்டு நகராது. குளத்தில் ஆமைகளும் இருந்தன. என் சித்தப்பா பையனுக்கு ரோமப் பேரரசு என்றால் இன்றைக்கும் அந்த ஆமைகள்தான்.

மறைந்திருக்கும் செலவு. முதலாவது வழி. மெட்ரோ பி வரிசையில் போன்டே மம்மோலோவரை போய் அங்கிருந்து பஸ். பஸ்ஸில் இரண்டு தடம். பிரெனெஸ்தீனா சாலை வழியாகப் போவது வில்லாவுக்கு அருகில் இறக்கிவிடும். திபுர்தீனா சாலை வழியாகப் போவது அடிக்கடி வரும், ஆனால் நெடுஞ்சாலையில் இறக்கிவிடும், அங்கிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். ஒரு ஜூலை மாதம் நான் இரண்டாவதில் ஏற்றி அம்மாவை அந்தச் சாலையில் நடக்கவைத்தேன். லாரிகள் உரசிக்கொண்டு போக, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அம்மா ஒரு வார்த்தை பேசாமல் வந்தார். பேசியிருந்தால் தேவலை. மூன்று பேருக்கு மேல் என்றால் திவோலி ரயில் நிலையத்திலிருந்து டாக்ஸி பிடிப்பது கட்டுப்படியாகும். வழியில் அழுகின முட்டை நாற்றம் வந்தால் பயப்பட வேண்டாம், அது கந்தக ஊற்று.

இரண்டாவது செலவு, இன்னொரு நாள். இங்கே கிடைத்த நல்ல பொருள் எதுவும் இங்கே இல்லை. கிண்ணத்து விளிம்பில் நான்கு புறாக்கள் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும் புகழ்பெற்ற மொசைக் 1737இல் இங்கே எடுத்தது, இப்போது ரோமின் கபிடோலின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எகிப்தியச் சிலைகள் வத்திக்கானில். வட்டெறியும் வீரன் சிலை ஒன்று லண்டனில். ரோமில் முதல் இரண்டையும் பார்த்துவிட்டு இங்கே வந்தால் சுவர்களுக்கு மேல்சட்டையை மனதிலேயே மாட்டிவிடலாம்.

யாருக்கு. கட்டடக் கலையில் ஆர்வமுள்ளவர்கள், நடக்கத் தயங்காதவர்கள், கூட்டத்தைக் கண்டாலே எரிச்சல்படுகிறவர்கள். ஏப்ரல், மே, அக்டோபர் பொருத்தம். நவம்பரில் ஆலிவ் மரங்களுக்கு நடுவே மழை தூறும்போதும் நன்றாகத்தான் இருந்தது. ஆகஸ்ட் மதியம் வேண்டவே வேண்டாம். நுழைவாயிலுக்கு அருகில் முழு வில்லாவின் மாதிரி வைத்திருக்கிறார்கள். அதன் முன் பத்து நிமிடம் செலவழிக்காமல் உள்ளே போனால் எல்லாமே செங்கல் குவியலாகத் தெரியும்.

## வில்லா யோவிஸ்: காட்சிக்கு விலை, கால்

அகஸ்டஸ் பேரரசர் காப்ரியை நேப்பிள்ஸ்காரர்களிடமிருந்து வாங்கிக்கொண்டு, பதிலுக்கு அதைவிடப் பெரிய இஸ்கியா தீவைக் கொடுத்தார். மேலே ஏறிப் பார்த்தால் ஏன் அப்படி ஒரு பேரம் என்று புரியும். அவருக்குப் பின் வந்த டைபீரியஸ் 26இல் ரோமை விட்டுக் கிளம்பியவர், 37இல் சாகும்வரை ஊருக்குள் திரும்பவில்லை. உலகத்தின் பெரிய பேரரசைப் பெரும்பாலும் இந்தப் பாறை உச்சியிலிருந்து கடிதம் மூலமாக நடத்தினார்.

கடல் மட்டத்திலிருந்து 334 மீட்டர். தீவின் நடுச் சதுக்கத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேர ஏற்றம். வழி முழுக்கக் கல் பாவிய சந்துதான், வாகனம் வராது. உச்சியில் நிற்பது நாலாயிரமாண்டுப் பழசு மாதிரி தெரிகிற வெற்றுச் சுவர்கள்தான். நடுவில் மிகப் பெரிய தண்ணீர்த் தொட்டிகள். தீவில் ஊற்று போதாது, பாறை மேல் கிணறும் கிடையாது. பெய்கிற மழையையெல்லாம் கூரையிலிருந்து இறக்கிச் சேமித்துத்தான் குளியலறை, சமையல், பேரரசர், காவலர், அடிமை எல்லாருக்கும். மொத்த மாளிகையும் அந்தத் தொட்டிகளைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது. மழைநீர் சேமிப்பு பற்றி நம் ஊர் அலுவலகங்களில் ஒட்டியிருக்கும் சுவரொட்டிகளைவிட இது நல்ல பாடம்.

தரையில் பதித்த வண்ணப் பளிங்கு எங்கே என்று தேட வேண்டாம். அதில் ஒரு பகுதி கீழே சதுக்கத்துத் தேவாலயத்தின் பலிபீடத்துக்கு முன் பதிக்கப்பட்டிருக்கிறது. ஏறுவதற்கு முன் அங்கே எட்டிப் பாருங்கள்.

விளிம்புக்கு வந்தால் செங்குத்தாகக் கடல். டைபீரியஸ் தனக்குப் பிடிக்காதவர்களை இங்கிருந்து தள்ளினார் என்று கதை. இன்னொரு கதையும் உண்டு. மீனவன் ஒருவன் யாருக்கும் தெரியாமல் பின்பக்கப் பாறையில் ஏறி வந்து, பிடித்த பெரிய மீனைப் பேரரசரிடம் நீட்டினானாம். பயந்துபோன டைபீரியஸ் அந்த மீனாலேயே அவன் முகத்தைத் தேய்க்கச் சொன்னார். 'நல்லவேளை, பிடித்த நண்டைக் கொடுக்கவில்லை' என்று அவன் வாயை விட, நண்டாலும் தேய்த்தார்களாம். எழுதிவைத்த வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் நூறு வருடம் கழித்து வந்தவர், வம்பு என்றால் அவருக்கு அல்வா. முழுவதையும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பாறையைப் பார்த்துக்கொண்டு கேட்கும்போது வேறு மாதிரி இருக்கும்.

எனக்கு அங்கே நினைவுக்கு வந்தது கரூரும் கோவையும். தமிழ்நாட்டில் கிடைத்த ரோம வெள்ளிக் காசுகளில் அகஸ்டஸ், டைபீரியஸ் தலை பொறித்தவைதான் மிகுதி. தங்கள் பெண்களின் நகை ஆசையால் பணம் அந்நிய நாடுகளுக்குப் போகிறது என்று செனட்டுக்குக் குறைபட்டு எழுதியவரும் இதே டைபீரியஸ்தான்.

மறைந்திருக்கும் செலவு. நான்கில் நுழைவுச் சீட்டு மலிவானவற்றில் ஒன்று, மொத்தச் செலவில் முதலிடம். ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு அதிவேக ரயில் ஒரு மணி பத்து நிமிடம். துறைமுகத்துக்குப் போய் விரைவுப் படகு ஐம்பது நிமிடம், ஆளுக்கு ஒரு வழிக்கே இருபது யூரோ தாண்டும். தீவில் கால் வைக்க ஒரு வரி, அது படகு டிக்கெட்டிலேயே சேர்ந்திருக்கும். பெரிய பெட்டிக்குத் தனி. அப்புறம் துறையிலிருந்து சதுக்கத்துக்குக் கம்பி ரயில், கோடையில் அதற்கு வரிசை. சதுக்கத்தில் உட்கார்ந்து ஒரு காபி குடித்தால் அந்த பில்லை வீட்டுக்குக் கொண்டுவந்து சட்டம் போட்டு மாட்டலாம்.

பணத்தைவிட முக்கியம் கடல். காற்று எழுந்தால் முதலில் நிறுத்துவது விரைவுப் படகைத்தான். என் நண்பன் ஒருவன் கடைசிப் படகைத் தவறவிட்டு, அந்த இரவு அறை வாடகையாகக் கொடுத்த தொகையை இன்றுவரை மனைவியிடம் சொல்லவில்லை. குளிர்காலத்தில் வில்லா திறக்கும் நேரம் குறைவு, சில காலம் மூடியே இருக்கும். போவதற்கு முன் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

யாருக்கு. ஏற்கெனவே நேப்பிள்ஸிலோ சொரெந்தோவிலோ தங்குகிறவர்களுக்கு இது கண்ணை மூடிக்கொண்டு சரி. ரோமிலிருந்து ஒரே நாளில் போய்வருவது முடியும். நான் செய்திருக்கிறேன். திரும்பச் செய்ய மாட்டேன்.

## ஸ்பெர்லோங்கா: யாரும் சொல்லாத இடம்

நால்வரில் எனக்குச் செல்லப்பிள்ளை இதுதான். ரோமுக்கும் நேப்பிள்ஸுக்கும் நடுவில், கடலோரம் ஓர் இயற்கைக் குகை. குகைக்குள் வட்டக் குளம், குளத்துக்கு முன்னால் கடலை ஒட்டிச் சதுரமாக மீன் வளர்த்த தொட்டி, தொட்டிக்கு நடுவில் விருந்தினர் சாய்ந்து சாப்பிட ஒரு மேடை. சாப்பிடுகிறவர் நிமிர்ந்தால் எதிரே குகைக்குள் கிரேக்கக் காவிய நாயகன் யுலிசஸின் சாகசங்கள் ராட்சதச் சிலைகளாக விளக்கொளியில் தெரியும்.

26ஆம் ஆண்டு அப்படி ஒரு விருந்தின்போது குகை வாயிலில் பாறை இடிந்து விழுந்தது. பணியாளர்கள் சிலர் செத்தார்கள். காவல் படைத் தலைவர் செயானுஸ் கையும் காலும் ஊன்றித் தன் உடம்பைப் பேரரசர் மேல் குடையாக நிறுத்திக் காப்பாற்றினார். அந்த நம்பிக்கையில் வளர்ந்தவர், ஐந்தே வருடத்தில் அதே டைபீரியஸின் கடிதத்தால் கொல்லப்பட்டார். டைபீரியஸ் காப்ரியில் போய் உட்கார்ந்ததும் இந்த விபத்து நடந்த பயணத்தின் தொடர்ச்சிதான்.

1957இல் கடலோரச் சாலை போடும்போது சிலைத் துண்டுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. ரோமுக்குக் கொண்டுபோக வந்தவர்களை ஊர்க்காரர்கள் மறித்தார்கள். எங்கள் ஊர்ப் பொருள் எங்கள் ஊரில்தான் இருக்கும் என்று நின்றார்கள், ஜெயித்தார்கள். 1963இல் அங்கேயே அருங்காட்சியகம் திறந்தது. மற்ற மூன்று இடத்திலும் 'அது வேறெங்கோ இருக்கிறது' என்று கேட்டுச் சலித்த காதுக்கு இது பெரிய ஆறுதல். ஒற்றைக் கண் அரக்கனின் கால் ஒன்றுக்குப் பக்கத்தில் நின்றாலே போதும், அளவு புரியும். ஸ்கில்லா என்ற கடல் அரக்கி மாலுமிகளைப் பிய்த்துத் தின்னும் சிற்பத்தில் மூன்று சிற்பிகளின் பெயர் பொறித்திருக்கிறது. வத்திக்கானில் எல்லாரும் முண்டியடித்துப் பார்க்கிற லாவோகூன் சிலையைச் செய்தவர்கள் என்று பழைய நூல் சொல்லும் அதே மூன்று பெயர்கள். இங்கே முண்டியடிக்க ஆளே இல்லை. நான் போன ஒரு செவ்வாய்க்கிழமை காவலர் தவிர நாங்கள் நால்வர்தான்.

மறைந்திருக்கும் செலவு. வட்டார ரயிலில் ஃபோந்தி ஸ்பெர்லோங்கா நிலையம், அங்கிருந்து பஸ். பஸ் நேரம் கோடையில் ஒன்று, குளிர்காலத்தில் இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது. திரும்பி வரும் பஸ்ஸின் நேரத்தை இறங்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வட்டார ரயிலின் காகித டிக்கெட்டை ஏறுவதற்கு முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். குத்தாமல் ஏறிய சித்தப்பா அபராதம் கட்டிவிட்டு, டிக்கெட் இருந்தும் ஏன் அபராதம் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

யாருக்கு. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு. காலை சிலை, மதியம் கடல் குளியல். கட்டடம் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு இது ஏமாற்றம். குகையைத் தவிர்த்தால் மாளிகையில் மிஞ்சியது தாழ்வான சுவர்கள்தான்.

## பொன் மாளிகை: குடை வேண்டாம், ஸ்வெட்டர் வேண்டும்

64இல் ரோம் எரிந்த பிறகு, எரிந்த இடத்தில் நீரோ கட்டிக்கொண்டது. நகரத்தின் நடுவில் ஏரி, தோட்டம், மேய்ச்சல் நிலம் எல்லாம் வைத்த கிராமத்து வில்லா. 'அப்பாடா, மனுஷன் மாதிரி வாழ ஒரு வீடு' என்றாராம். நான்கு வருடத்தில் செத்துப்போனார். பின்னால் வந்தவர்கள் ஏரி இருந்த இடத்தில் கொலோசியம் கட்டினார்கள். பேரரசர் டிராஜன் அறைகளுக்குள் மண்ணைக் கொட்டி அதற்கு மேல் பொதுக் குளியலகம் எழுப்பினார். அழிக்க நினைத்துச் செய்த வேலைதான் காப்பாற்றியது. பளிங்கைப் பெரும்பாலும் உரித்துவிட்டார்கள், ஆனால் விதானம்வரை மண் ஏறியதால் சித்திரங்கள் பிழைத்தன.

மறுமலர்ச்சிக் கால ஓவியர்கள் மேலே துளை போட்டுக் கயிற்றில் இறங்கி, விளக்கு வெளிச்சத்தில் அவற்றைப் பார்த்து வரைந்தார்கள். ரஃபாயேலும் அவர்களில் ஒருவர். குகை (இத்தாலியில் 'க்ரொட்டா') என்று நினைத்ததால் அந்தப் பாணிக்கு 'க்ரொட்டெஸ்க்' என்று பெயர் வந்தது. மண் நிறைந்த அறையில் அவர்கள் கை விதானத்துக்கு எட்டியது. நீங்கள் நிற்பதோ தோண்டி எடுத்த தரையில். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். அவர்களில் சிலர் கிறுக்கிய பெயர்கள் அங்கே இன்னும் இருக்கின்றன.

மறைந்திருக்கும் செலவு. கொலோசியம் டிக்கெட்டில் இது சேராது, தனி. வழிகாட்டியோடு மட்டும்தான் உள்ளே விடுவார்கள், வாரத்தில் எல்லா நாளும் கிடையாது. கோடையிலும் உள்ளே குளிரும், ஈரம் சுவரில் வழியும். தலைக்கவசம் கொடுப்பார்கள். மூச்சு முட்டும் சுபாவம் உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளவும்.

யாருக்கு. ஆகஸ்டில் வருகிறவர்கள், மழையில் மாட்டிக்கொண்டவர்கள், அரை நாள்தான் இருக்கிறது என்பவர்கள். முட்டி வலிக்காரர்களுக்கும் மற்ற மூன்றைவிட இது எளிது.

## கேட்டவர்களுக்கு நான் சொன்னது

எழுபது தாண்டிய பெற்றோருடன் மே மாதம் போகும் ஒருவருக்கு ஹேட்ரியன் வில்லா சொன்னேன், டாக்ஸியோடு, கனோபஸ்வரை போய்த் திரும்பிவிடும்படி. பன்னிரண்டு வயதுப் பையனோடு ஜூனில் போகிறவர்களுக்கு ஸ்பெர்லோங்கா. தேனிலவுக்குப் போகும் ஜோடி என்னைக் கேட்டிருக்கவே தேவையில்லை, காப்ரிக்கு ஏற்கெனவே அறை போட்டாயிற்று.

சிசிலிக்குப் போகிறவர்கள் பியாட்சா ஆர்மெரினா அருகே உள்ள வில்லா ரோமானா தெல் கசாலேயைச் சேர்த்துக்கொள்ளலாம். பேரரசர் மாக்சிமியனுடையது என்று ஒரு கட்சி, யாரோ பெரும் பணக்காரருடையது என்று இன்னொரு கட்சி. யாருடையதாக இருந்தாலும் 3,500 சதுர மீட்டர் மொசைக் தரை வேறெங்கும் கிடைக்காது. மண்சரிவில் புதைந்ததால் பிழைத்தது. வேட்டைக் கூடத்தின் ஒரு கோடியில் யானையும் புலியும் சூழத் தந்தம் பிடித்த பெண் ஒருத்தி இருக்கிறாள், இந்தியாவின் உருவம் என்று பலர் சொல்கிறார்கள். கார் இல்லாமல் போவது சிரமம்.

ஒருவர் மட்டும், "ஒரு நாள் எல்லாம் இல்லைங்க, ரயிலுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம்தான்" என்றார். அவரை தெர்மினி நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிற பலாட்சோ மாசிமோ அருங்காட்சியகத்துக்கு அனுப்பினேன். அகஸ்டஸின் மனைவி லிவியாவுக்கு ரோமின் வடக்கே பிரிமா போர்த்தாவில் ஒரு வில்லா இருந்தது. அதன் நிலத்தடி அறை ஒன்றின் சித்திரச் சுவர்கள் நான்கையும் பெயர்த்துவந்து, அதே அறையாக மாடியில் நிறுத்தியிருக்கிறார்கள். நாலு பக்கமும் தோட்டம். அம்மா உள்ளே நுழைந்ததும் முதலில் கண்டுபிடித்தது மாதுளையை. பிறகு ஒவ்வொரு மரமாக விரல் நீட்டி, தெரிந்ததற்குப் பெயர் சொல்லிக்கொண்டே சுற்றி வந்தார். மரத்துக்கு மரம் பறவைகள். வேலிச் சுவர் மேல் ஒரு சின்னக் கூண்டு, அதில் மட்டும் ஒன்று அடைபட்டிருந்தது. "இத்தனை வெளியே சுத்துது, இதை மட்டும் எதுக்குடா பூட்டி வெச்சாங்க?" என்று கேட்டார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது.